இரு கூறாய்ப் பிரியும் துப்பாக்கி

துப்பாக்கி என்னும் சொல் தமிழ் மண்ணில் பிறந்த சொல்லன்று. துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லொன்று உருத்திரிந்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்பர் அறிஞர். தெலுங்கிலும் சிறிய ஒலி வேறுபாட்டோடு அதே சொல்தான். நாம் குடியேறி வாழும் ஐதராபாத்து நகரமோ இக்கருவியின் நினைவைத் தன் தெருப்பெயர்களிலேயே பொறித்து வைத்திருக்கிறது. இரண்டாம் நிசாமின் படையில் தளபதியாக விளங்கிய பிரெஞ்சுக்காரர் ரேமோன் 1786-ஆம் ஆண்டில் அமைத்த பீரங்கி வார்ப்படச்சாலை இருந்த இடம் இன்றும் 'கன் ஃபவுண்டரி' என்றே வழங்குகிறது. அவருடைய பெயர் மக்கள் நாவில் திரிந்து மூசாராம்பாக் ஆயிற்று. ஆறாம் நிசாம் மகபூப் அலி கான் புலி வேட்டையில் பேர்பெற்றவர். சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் படைக்கல அறையைப் பார்க்காமல் ஊர் திரும்பும் விருந்தினர் குறைவு.

இத்தகைய நகரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும், நம் தமிழ்க் குடும்பங்களின் வீட்டு வாயிலைத் துப்பாக்கி கடந்ததில்லை. ஆயுத பூசையன்று நாம் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் ஆயுதங்கள் அரிவாள்மனையும், திருப்புளியும், தையல் இயந்திரமும், பிள்ளைகளின் மிதிவண்டியுமே. ஆதலின், நம் தமக்கையாரின் மகன் அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்திலிருந்து எழுதிய மடல் எங்கள் குடும்பத்தில் ஒரு சிறிய நிலநடுக்கத்தையே உண்டாக்கிவிட்டது.

மருமகன் எழுதியிருந்தது இதுதான். விடுமுறை நாள்களில் நண்பர்களோடு மலைக்காடுகளில் நடந்து, கூடாரம் அடித்துத் தங்குவது அவன் வழக்கமாகிவிட்டது. நண்பர் சிலர் முதுகுப் பையில் அடங்கும் சிறு துப்பாக்கி ஒன்றை உடன் கொண்டு வருகின்றனர். இரண்டாகக் கழற்றி வைத்துக்கொள்ளலாம். வேண்டும்போது நொடிப்பொழுதில் பூட்டிக்கொள்ளலாம். எடையும் மிகக் குறைவு. வெற்றுத் தகரக் குவளைகளைச் சுட்டுப் பழகலாம். பருவகாலத்தில் உரிமத்தோடு முயல் வேட்டையும் ஆடலாம். "மாமா, நீங்கள் கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்டவர். எதை வாங்கலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். அதே நாள் மாலையில் தமக்கையார் பத்மராவ் நகரிலிருந்து நம் வீட்டிற்கு வந்துவிட்டார். "எட்டு வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று, இரண்டு குழந்தைகள் ஓடியாடும் வீடு அது. வேண்டாமென்று எழுது, தம்பி" என்பது அவர் கட்டளை. ஒருவன் எதை வாங்குவதெனக் கேட்கிறான். மற்றவர் வாங்காதிருக்கச் சொல்லென்கிறார். இருவருக்கும் ஒரே விடை எழுத வேண்டிய நிலை நமக்கு.

தேசிய மாணவர் படை 1948-இல் தோன்றியது. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாகி, 1968-இல் மீண்டும் விருப்பப் பயிற்சியாயிற்று. நம் வயதையொத்த பலரும் வாழ்க்கையில் தொட்ட முதல் துப்பாக்கி, பெரும்பாலும் ஒரே துப்பாக்கி, அந்தப் படையின் 'பாயிண்ட் டூ டூ' ரைபிளாகத்தான் இருக்கும். மணல்மூட்டையின் மேல் குழலைச் சாய்த்து, தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி விசையை அழுத்திய அந்தக் காலை வேளையை யாரும் மறந்திருக்க முடியாது. தோளில் உதை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. ஓசையும் ஒரு சொடுக்குப் போலத்தான். எனினும் பயிற்சி தந்த அவில்தார் ஒவ்வொரு தோட்டாவையும் எண்ணிக் கொடுத்து, ஒவ்வொரு வெற்றுக்கூட்டையும் எண்ணி வாங்கினார். அந்த எண்ணிக்கையின் பொருள் அன்று விளங்கவில்லை. மருமகனின் மடல் வந்தபோது விளங்கிற்று.

'பாயிண்ட் டூ டூ' என்பது குழலின் உட்துளை அளவு. ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். இத்தோட்டாவின் தனித்தன்மை அதன் அடிவிளிம்பில் இருக்கிறது. பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் அடிப்பாகத்தின் நடுவே பொதித்த தனிக் குமிழொன்றை ஊசி தாக்கும். இதிலோ, பித்தளைக் கூட்டின் அடியில் உள்ளீடற்ற மெல்லிய விளிம்பு ஒன்று உண்டு. தீப்பற்றும் மருந்து அவ்விளிம்பினுள்ளே பூசப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கியவுடன் மருந்து பற்றி, வெடிப்பொடி எரிந்து, ஈயக்குண்டு புறப்படுகிறது. விளிம்பு நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாயிருக்க வேண்டும். மெல்லிய கூடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. ஆதலின் இவ்வகைத் தோட்டா என்றும் சிறியதாகவும், விசை குறைந்ததாகவும், விலை மலிந்ததாகவும் நின்றுவிட்டது. பாரிஸ் நகரத்து ஃப்ளோபேர் 1845-இல் இதற்கு வித்திட்டார். அமெரிக்காவின் ஸ்மித்-வெசன் நிறுவனம் 1857-இல் தன் முதற் கைத்துப்பாக்கிக்காக இதனை வளர்த்தது. இன்று உலகெங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' வடிவம் 1887-இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தாரால் வந்தது. அமைப்பில் பெரிய மாறுதலின்றி 130 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கும் பொருள்கள் உலகில் அதிகமில்லை.

இனி, இரு கூறாய்ப் பிரியும் அமைப்பைக் காண்போம். இதனை 'டேக் டவுன்' என்பர். குழல் ஒரு கூறு. தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் பொறியும் தோளில் அணைக்கும் கட்டையும் சேர்ந்து மற்றொரு கூறு. கருவி எதுவுமின்றிக் கையாலேயே திருகிப் பிரிக்கலாம். புகைவண்டிப் பயணத்திற்கும் குதிரைச் சவாரிக்கும் ஏற்றதென்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு வரவேற்பு இருந்தது. ஜான் பிரௌனிங் என்னும் மேதை வரைந்து, பெல்ஜியம் நாட்டு எஃப்.என். தொழிற்சாலை 1914-இல் வெளியிட்ட சிறு துப்பாக்கி இக்குலத்தின் மூதாட்டி எனலாம். இரண்டே கால் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடை. கட்டையினுள்ளேயே தோட்டாக்களை நிரப்பும் குழாய். வெற்றுக்கூடு கீழ்ப்புறமாக விழும் ஒழுங்கு. பார்க்கவும் பிடிக்கவும் அழகியது. அதற்கேற்ப விலையும் மிகுந்தது.

அடுத்தது ஏ.ஆர்.-7. ஆர்மலைட் நிறுவனத்திற்காக யூஜின் ஸ்டோனர் வடிவமைத்து, 1959-இல் வெளிவந்தது. விமானம் பழுதாகிக் காட்டில் இறங்க நேர்ந்தவன் உயிர் பிழைக்க உதவ வேண்டும் என்னும் எண்ணத்தில் பிறந்த கருவி அது. குழல், பொறி, தோட்டாப்பெட்டி ஆகிய அனைத்தும் உள்ளீடற்ற பிளாஸ்டிக் கட்டைக்குள் புகுந்து மூடிக்கொள்ளும். அப்போது அதன் நீளம் ஒன்றரை அடிக்கும் குறைவு. நீரில் விழுந்தால் மிதக்கும். இப்போது ஹென்றி நிறுவனத்தார் செய்யும் வடிவத்தின் எடை ஏறத்தாழ 1.6 கிலோ. மூன்றாவது, ரூகர் நிறுவனத்தின் 10/22. அது 1964 முதல் புகழ்பெற்ற துப்பாக்கி. அதன் கழற்றும் வடிவம் 2012-இல் வந்தது. எடை ஏறத்தாழ 2.1 கிலோ, பத்துத் தோட்டா கொள்ளும் சுழல்பெட்டி, உதிரிப்பாகங்கள் எங்கும் கிடைக்கும்.

இம்மூன்றில் எது நன்று? எடை ஒன்றையே நோக்கினால் ஏ.ஆர்.-7 வெல்லும். ஆயினும் துப்பாக்கியில் எடை என்பது சுமை மட்டுமன்று, நிலைப்பும் அதுவே. ஒலிம்பிக் போட்டியில் 50 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடும் துப்பாக்கியும் இதே சிறு தோட்டாவைத்தான் பயன்படுத்துகிறது. அதன் எடை 8 கிலோ வரை இருக்கலாம் என்று விதி இடம் தருகிறது. வீரர்கள் வேண்டுமென்றே எடை கூட்டிக்கொள்கின்றனர். கனத்த குழல் மூச்சுக்கும் நாடித்துடிப்புக்கும் அசையாது. 1.6 கிலோத் துப்பாக்கியோ மலையேறி இளைத்தவன் கையில் நாணல் போல் ஆடும். ஆதலின் மிகமிக இலேசானதைத் தேடுவோன், குறி தவறுவதையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறான்.

இரண்டாவதாக நோக்க வேண்டியது பொருத்துவாய். கழற்றிக் கழற்றிப் பூட்டும் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே இறுக்கத்தோடு அமர வேண்டும். மயிரிழை பிசகினாலும் 50 மீட்டரில் குண்டு விரற்கடை கணக்கில் விலகிவிடும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. முன்காணி, பின்காணி இரண்டும் குழலின் மேலேயே இருந்தால், குழலைக் கழற்றினாலும் அவற்றின் உறவு மாறுவதில்லை. ரூகரின் அமைப்பு இத்தகையது. ஏ.ஆர்.-7-இலோ முன்காணி குழலிலும் பின்காணி பொறியிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. பொறியின் மேல் தொலைநோக்கி பூட்டினாலும் இதே இடர்ப்பாடு எழும். ஐந்து குண்டு சுட்டு, கழற்றிப் பூட்டி மீண்டும் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து, இரண்டு குழுவும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா எனக் கண்ட பின்னரே கையில் பணம் எடுக்க வேண்டும். கடைக்காரர் சொல்லை நம்பி வாங்கும் பொருளன்று இது.

மூன்றாவது, தோட்டாவின் குணம். விளிம்புத் தோட்டா சில வேளை வெடிக்காமல் நின்றுவிடும். விளிம்பினுள் மருந்து சீராகப் பரவாமையே காரணம். அப்போது குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, அரை நிமிடம் பொறுத்திருந்து, பின்னரே பொறியைத் திறக்க வேண்டும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் எல்லாக் குறியீட்டுத் தோட்டாக்களையும் விழுங்குவதில்லை. எதை விரும்பி ஏற்கிறதெனச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். புதிதாகப் பழகுவோனுக்குக் கையால் இழுத்து ஒவ்வொன்றாக ஏற்றும் போல்ட் வகையே சிறந்த ஆசான் என்பது நம் துணிபு. ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கைவினை தேவைப்படும்போது, ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு எண்ணமும் தேவைப்படுகிறது.

மருமகன் எதிர்பாராத செய்தியொன்றையும் அவனுக்கு எழுதினோம். 'சிறு தோட்டா' என்னும் சொல் மனிதரை ஏமாற்றுகிறது. முழுத் தோட்டாவின் எடை ஏறத்தாழ மூன்றரை கிராம். அதன் முனையிலுள்ள குண்டு 2.6 கிராம். ஐம்பது தோட்டாப் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். எனினும் தடையின்றி விட்டால் அக்குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று உயிரைப் போக்கவல்லது. மென்மையான ஈயக்குண்டு பாறையிலோ நீரிலோ சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசைமாறும். ஐதராபாத்தில் வாழ்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சாரா மலையிலும் மௌலாலியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும் கருங்கற் பாறைகளைக் கண்முன் நிறுத்தினால் போதும். அத்தகைய இடத்தில் தகரக் குவளையை வைத்துச் சுடுபவன் குண்டு எங்கே போய் நிற்கும் என்று அறியமாட்டான். குவளைக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மண்மேடு இல்லாத இடத்தில் குவளை குவளையாகவே இருக்கட்டும்.

மற்றொன்று: இத்துப்பாக்கி காப்புக் கருவியன்று. கொலராடோவின் மலைகளில் கரடி உண்டு. இச்சிறு குண்டு கரடியைத் தடுக்காது, சினமூட்டும். முயல், அணில் அளவுள்ள உயிருக்கு மேற்பட்ட எதன்மீதும் இதை நீட்டுவது, அவ்வுயிரைக் கொல்லாமல் வதைப்பதேயாகும். நம் தெலங்காணா மாநிலத்துச் சிற்றூர்களில் சோளக்கொல்லையைக் காட்டுப்பன்றி உழுது அழிப்பதைக் கண்டவர் பலர். அங்கும் இது பயன்படாது.

இங்கே தமக்கையார் ஒரு கேள்வி எழுப்பினார்: "இந்த ஊரில் இவ்வளவு எளிதாக வாங்க முடியுமா?" நேர்மையான கேள்வி. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி, உரிமமின்றி எந்தத் துப்பாக்கியும் வைத்திருத்தல் குற்றம். ஐதராபாத்து மாநகரில் நகரக் காவல் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். காரணம் காட்ட வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பின், ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் இயலாது. அயல்நாட்டுத் துப்பாக்கிகளைத் தனிமனிதர் இறக்குமதி செய்துகொள்ளும் வாயில் 1980-களின் நடுப்பகுதியிலேயே அடைபட்டுவிட்டது. பெயர்பெற்ற போட்டி வீரர்க்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆதலின் மேலே கூறிய மூன்றும் நம் ஊர்க் கடைகளில் புதிதாகக் கிடைக்கமாட்டா. வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த போல்ட் வகைச் சிறு ரைபிளோ, பழைய உரிமையாளரிடமிருந்து கைமாறும் பிரிட்டிஷ், செக் நாட்டுத் துப்பாக்கியோதான் சாதாரண மனிதருக்கு வழி.

வாங்கினாலும் எங்கே கொண்டு செல்வது? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து வடிவ இசைவின்றிச் சரணாலயத்திற்குள் படைக்கலத்தோடு நுழைவதே குற்றம். சரணாலயத்திற்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் வாழும் உரிமக்காரர் தம் படைக்கலத்தைத் தனியே பதிவு செய்யவும் வேண்டும். நம் நாட்டில் இச்சிறு தோட்டாவுக்கு எஞ்சிய பெருமைக்குரிய இடம் பயிற்சிக் களமே. 2002 தேசிய விளையாட்டுக்கென மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுந்த சுடுதளம் கச்சிபௌலிப் பகுதியில் உள்ளது. சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012-இல் இலண்டனில் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் வெண்கலம் பெற்றார். இந்நகரத்துப் பெண் ஈஷா சிங், 2023-இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் இதே சிறு தோட்டாவைக் கொள்ளும் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் பிரிவில் குழுவாகத் தங்கமும் தனியாக வெள்ளியும் வென்றார். 2024-இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வென்றபோது, நம் என்.சி.சி. தோட்டாவே மேடையேறியது போல் மகிழ்ந்தோம்.

அமெரிக்காவிலும் கதவு முற்றாகத் திறந்து கிடக்கவில்லை. பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கும் பெற்றோர் இதை நன்கு அறிதல் வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர், 1998 முதல் நடப்பிலுள்ள அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, பொதுவாகத் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. முறையான வேட்டை உரிமம் பெற்றவர் போன்ற சிலருக்கே விலக்கு. நிரந்தரமாகத் தங்கும் உரிமையான பச்சை அட்டை பெற்றவருக்கு இத்தடை இல்லை. மருமகன் பச்சை அட்டை பெற்றவன். அவனோடு மலையேறும் இளைஞர் இருவர் வேலை விசாவினர். "நண்பன்தானே, ஒருமுறை பிடித்துப் பார்" என்று அவர்கள் கையில் அதைக் கொடுப்பதற்கு முன் சட்டம் அறிந்தவரைக் கேட்கும்படி எழுதினோம். ஒரு நொடி விளையாட்டில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே கெடலாம். கொலராடோவில் 1949 சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டை உரிமம் பெற, வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் அவ்வகுப்பில் சேர்க என்பதே நம் முதல் அறிவுரை. தேசியப் பூங்காக்களில் சுடுதல் கூடாது. தேசியக் காடுகளிலும் குடியிருப்பு, கூடார இடம் ஆகியவற்றுக்கு 150 கஜத்திற்குள்ளும், சாலைக்கும் நீர்நிலைக்கும் குறுக்காகவும் சுடலாகாது.

இவ்வளவும் எழுதிய பின்னும் தமக்கையாரின் கவலை அப்படியே நின்றது. காட்டைப் பற்றிய கவலையன்று அது, வீட்டைப் பற்றியது. துப்பாக்கி காட்டில் இருப்பது ஆண்டில் பத்து நாள். எஞ்சிய 355 நாளும் அது வீட்டில்தான் இருக்கும். குழந்தைகள் வளரும் வீட்டில், பொம்மைத் துப்பாக்கியின் எடையே உள்ள ஒரு மெய்த்துப்பாக்கி! இலேசாயிருப்பதால் ஐந்து வயதுக் கையும் அதைத் தூக்கும். சிறியதாயிருப்பதால் மேசை இழுப்பறையிலும் அடங்கும். ஓசை குறைவாயிருப்பதால் அதைப் பெரியவர்களும் விளையாட்டுப் பொருளென எண்ணுவர். காட்டில் நற்குணங்களாய் நின்ற இவையே வீட்டுக்குள் வந்தவுடன் தீக்குணங்களாய் மாறுகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் மாறுவதில்லை: அது இரண்டாகப் பிரியும் என்பது.

இந்த இடத்தில்தான் இருவருக்கும் பொதுவான விடை நமக்குப் புலப்பட்டது. முதுகுப்பையில் அடங்க வேண்டுமென்பதற்காக மருமகன் விரும்பிய குணம், வீட்டில் குழந்தைகளைக் காக்கவே மிகவும் பயன்படும். குழல் தனியே கிடந்தால் அது வெறும் இரும்புக் குழாய். பொறி தனியே கிடந்தால் குண்டைச் செலுத்தும் வழியற்றது. தோட்டா தனியே இருந்தால் இரண்டும் பயனற்றவை. மூன்றையும் மூன்று இடத்தில் பூட்டி வைக்கலாம். முழுத்துப்பாக்கியைப் பூட்டும் ஒரே பூட்டு ஒருநாள் மறதியில் திறந்து கிடந்தால் எல்லாம் திறந்தாயிற்று. மூன்று பூட்டும் ஒரே நாளில் மறக்கப்படுவது அரிது. சிறுவர் கைக்கு எட்டாதபடி துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்க வேண்டுமென்று கொலராடோ மாநிலம் 2021-இல் சட்டமும் இயற்றியிருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது குறைந்த அளவு. பாட்டி கேட்பது அதனினும் கூடுதல். அவள் கேட்பதைக் கொடுக்கும் வசதி இத்துப்பாக்கியின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

ஆகவே மருமகனுக்கு நாம் எழுதிய முடிவு இது. முதலில் வகுப்பு. அதன்பின் சுடுதளத்தில் இரவல் அல்லது வாடகைத் துப்பாக்கியால் சில மாதப் பழக்கம். அதன்பின்னும் விருப்பம் தணியாவிடில், இரண்டு கிலோவைச் சுற்றிய எடையும், இரண்டு காணியும் குழலிலேயே அமைந்த ஒழுங்கும், உறுதியான பொருத்துவாயும் உடையதை வாங்கலாம். அதனினும் இலேசானதைத் தேட வேண்டாம். கழற்றுவதற்கு முன் தோட்டாப்பெட்டியை நீக்கி, குழலறையைக் கண்ணாலும் விரலாலும் சோதிக்க வேண்டும். மழையில் நனைந்தால் அன்றிரவே துடைத்து எண்ணெயிட வேண்டும். வீட்டில் அது ஒருநாளும் முழுத்துப்பாக்கியாக இருத்தல் ஆகாது. குழலின் சாவி அவனிடமும், பொறியின் சாவி மருமகளிடமும் இருக்க வேண்டும். மருமகளுக்கு இதில் இசைவில்லையெனில் பேச்சு அங்கேயே முடிகிறது.

தமக்கையார் மடலை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "வாங்காமலிருந்தால் எனக்கு மகிழ்ச்சி. வாங்கினால் அந்த இரண்டாவது சாவி அவளிடம் இருக்கட்டும்" என்றார். முழு இசைவு என்று அதைச் சொல்ல இயலாது. ஆனால் அன்று காலை வரை 'கூடாது' என்ற ஒரே சொல்லோடு நின்றவர், மாலையில் பூட்டைப் பற்றியும் சாவியைப் பற்றியும் வினவத் தொடங்கியிருந்தார். மருமகன் வகுப்பில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறான்; துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை.

பிள்ளைகளை அயல்நாட்டில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். உங்கள் பிள்ளை காட்டுக்குக் கொண்டு சென்ற அதே முதுகுப்பையோடு ஊருக்கு வரக்கூடும். பையின் மடிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டா, மூன்றரை கிராம் பித்தளையும் ஈயமும், சம்சாபாத்து விமான நிலையத்துச் சோதனைக் கருவியின் கண்ணுக்குத் தப்பாது. உரிமமின்றித் தோட்டா வைத்திருந்ததும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றமே. விழாவுக்கு வந்தவன் காவல் நிலையத்தில் அமர நேரிடும். அந்த அவில்தார் வெற்றுக்கூடுகளை எண்ணி எண்ணி வாங்கியதன் பொருள் இதுவே. துப்பாக்கிக்கும் காட்டுக்கும் தனிப்பை இருக்கட்டும். தாய்வீட்டுக்கு வரும் பையில் அது ஒருநாளும் நுழையாதிருக்கட்டும்.